ஏர் பிடித்தவரிடம் பாடம் கேட்ட துரை

யூரியா மூட்டை கட்டி அனுப்பும் ஊரிலே இருந்துகொண்டு, செயற்கை உரமே வேண்டாம் என்று சாகும்வரை வாதாடிய ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லப் புறப்படுகிறீரே, இது முறைதானா என்று மணலித் தோழர்கள் நம்மைக் கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்தத் தொழிற்சாலையை நம்பி உலை வைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். எரிகிற அடுப்பிலே தண்ணீர் ஊற்றுவது நம் நோக்கமல்ல. ஆனால், மாற்றுக் கருத்தைக் காது கொடுத்துக் கேட்க அஞ்சுவோர் தம்மைப் பகுத்தறிவாளர் என்று கூறிக்கொள்வதிலே பொருளில்லை. அதிலும் இவர், வாய்ச்சொல் வீரரல்லர். வானம் பார்த்த பூமியிலே கோதுமை விளைச்சலைக் கூட்டிக் காட்டிவிட்டுப் பேசியவர். ஆளவந்த இனத்தார் ஒருவர், ஆளப்பட்ட உழவனின் முன் மாணவராய் நின்ற கதை இது. அதனாலேயே நமக்கு இனிக்கிறது.

கோதுமைக்கும் வடசென்னைக்கும் என்ன உறவு என்று எண்ணிட வேண்டாம். உறவு உண்டு, பசியால் வந்த உறவு. 1966ஆம் ஆண்டு இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்து வயிறு கழுவிற்று. அமெரிக்கக் கோதுமை நம் துறைமுகத்திலும் இறங்கியது. மூட்டை தூக்கிய முதுகுகளும் நம்மவர் முதுகுகளே. சோறு கண்ட வயிறு, ரேஷன் கோதுமைக்குப் பழகிக் கொண்டது. அந்தக் கோதுமையைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கு முன்பாகவே எண்ணி எண்ணி உழைத்தவர்தான் நாம் சொல்லவிருக்கும் ஆல்பர்ட் ஹோவர்ட்.

1873ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்திலே, பிஷப்ஸ் காசில் என்ற ஊரில், ஓர் உழவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜிலே படித்துத் தேறினார். பட்டம் பெற்றவர்களுக்குப் பேரரசு பதவி தேடித் தந்த காலம் அது. 1899இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். பார்படோசிலே கரும்புக்கு வரும் நோய்களை ஆராயும் வேலை. அங்கேதான் அவருக்கு முதல் உறுத்தல் ஏற்பட்டது. கண்ணாடிக் குழாயிலே பூஞ்சணத்தை வளர்த்து, உருப்பெருக்கியிலே பார்த்து, அறிக்கை எழுதி அச்சிட்டுவிடலாம். ஆனால், நீ சொல்லும் மருந்தை உன் வயலிலே போட்டுப் பார்த்தாயா என்று ஒரு கரும்பு விவசாயி கேட்டால் சொல்ல விடையில்லை. ஏனெனில், அவருக்கென்று ஒரு சாண் வயலும் இல்லை. நீந்தத் தெரியாதவன் கரையிலே நின்று நீச்சல் கற்றுத் தருவது போன்ற வேலை! அந்த வெட்கம் அவரை விடவில்லை. இடையிலே இங்கிலாந்து திரும்பி, பியருக்குக் கசப்பு கூட்டும் ஹாப் கொடியை ஓரிரு ஆண்டுகள் ஆராய்ந்தார். 1905இல் இந்தியாவுக்கு வந்தார்.

கர்சன் பிரபு காலத்திலே பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சிக் கூடம் தோன்றியது. அதற்கு வித்திட்ட பெருங்கொடை, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வருடையது. அங்கே பேரரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற நீண்ட பட்டத்தோடு ஹோவர்ட் அமர்ந்தார். வந்தவர் முதலில் கேட்டது, நிலம். 75 ஏக்கர் கிடைத்தது. பார்படோசின் வெட்கம் தீர்ந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. வெள்ளைத்தோல் இருந்தால் போதும், விவரம் தானாக வந்துவிடும் என்று துரைமார் நம்பியிருந்த நாட்கள் அவை. கருத்தமேனி உழவன் காலங்காலமாகச் செய்வது அனைத்தும் அறியாமை என்பது அவர்கள் எண்ணம். (1889இலேயே இங்கு வந்து சுற்றிப் பார்த்த வோல்க்கர் என்ற வேளாண் அறிஞர், இந்திய உழவனுக்குக் கற்றுத்தர அதிகம் இல்லை, அவனுக்கு எருதான் குறை என்று அறிக்கை எழுதிப் போனதை எத்தனை துரைமார் படித்தனரோ!) ஹோவர்ட் பூசாவைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் வயல்களைப் பார்த்தார். மருந்து வாடை அறியாத அந்த வயல்களிலே பயிர் திடமாக நின்றது. உழவரும், பயிரைத் தின்னும் பூச்சிகளுமே தமக்குப் பேராசிரியர்கள் என்று முடிவு கட்டினார். பூச்சி வந்தால் அது எதிரியல்ல, நீ மண்ணைக் கெடுத்துவிட்டாய் என்று சொல்ல வந்த தூதுவன் என்பது அவர் கொண்ட கருத்து. ஐந்தாண்டு அந்தப் பாடசாலையிலே பயின்றார். பேரரசின் ஆராய்ச்சியாளர், அரைவேட்டி உழவரிடம்!

அவர் தனியாகவும் வரவில்லை. 1905இல் கேப்ரியல் மத்தாய் என்ற பெண்மணியைப் பம்பாயிலே மணந்துகொண்டு பூசா வந்தார். கேப்ரியல் கணவன் கையைப் பற்றிக்கொண்டு கப்பலேறிய துரைசாணி அல்லர். இலை ஒளியை உண்டு உணவாக்கும் வேலையிலே வெப்பத்தின் பங்கு என்ன என்பதைக் கேம்பிரிட்ஜிலே ஆராய்ந்து, அறிவுலகிலே தம் பெயரை ஏற்கெனவே நாட்டியிருந்தவர். ஆனால், பெண் என்பதால் துரைத்தனம் தயங்கித் தயங்கித்தான் கதவைத் திறந்தது. 1910இல் கணவருக்கு உதவியாளர் என்று ஒரு பதவி. 1913இல்தான் இரண்டாம் பொருளாதாரத் தாவரவியலாளர். கோதுமை பற்றி 1909இல் வெளிவந்த பெருநூலிலே இருவர் பெயரும் உண்டு. பூசாக் கோதுமை என்று பின்னாளில் ஊர் புகழ்ந்ததிலே சரிபாதி அந்த அம்மையாருடையது. புகழ்ந்தவர்கள் மட்டும் ஒரு பெயரையே நினைவில் வைத்துக்கொண்டனர். உலகெங்கும் இந்தக் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது போலும்!

அந்நாளைய இந்தியக் கோதுமை வயலிலே ஒரே இனம் நிற்காது. உயரமானது, குட்டையானது, மீசையுள்ளது, இல்லாதது, சிவப்பு மணி, வெள்ளை மணி எல்லாம் கலந்து நிற்கும். ஹோவர்ட் இணையர் அந்தக் கலப்பிலிருந்து ஒவ்வொரு கதிராகப் பொறுக்கினர். ஒரு கதிரின் மணிகளைத் தனி வரிசையாக விதைத்தனர். தாள் சாயாதது எது, துருநோய் தாங்குவது எது, மணி கூடுதலாகத் தருவது எது, மாவாக்கினால் ரொட்டி நன்றாக உப்பி வருவது எது என்று ஆண்டுக்கணக்கிலே சலித்தெடுத்தனர். அப்படிக் கிடைத்தவையே பூசா 4, பூசா 12 என்ற இரண்டும். கடல் கடந்து வந்த விதையல்ல. இந்த மண்ணின் உழவன் காத்து வைத்திருந்த கலப்பிலே மறைந்திருந்த மாணிக்கங்கள். பின்னர் பல இலட்சம் ஏக்கரிலே அவை பரவின.

துரைத்தனத்துக்கு இதிலே ஆர்வம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறோம். பஞ்சாபிலே விளைந்த கோதுமை கராச்சியிலே கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அங்குள்ள ஆலைக்காரர்களுக்கு நல்ல மாவு வேண்டும். உழவனுக்கு விளைச்சல் வேண்டும். இரண்டும் ஒரே விதையிலே இருக்க முடியாது என்று பலர் சொல்லி வந்தனர். முடியும் என்று காட்டினர் ஹோவர்ட் இணையர்.

ஆனால், நல்ல விதை மட்டும் போதுமா? தாய் மெலிந்திருக்கப் பிள்ளை கொழுக்குமா? இங்கேதான் அவர்களுடைய உண்மையான திறமை வெளிப்பட்டது. பூசாப் பகுதியிலே கோதுமைக்குப் பாய்ச்சல் இல்லை. மழைக்காலம் ஓய்ந்தபின் விதைப்பார்கள். மண்ணிலே தங்கிய ஈரத்தைக் குடித்தே பயிர் கதிர் தள்ள வேண்டும். ஆகவே, மண்தான் குளம், மண்தான் கால்வாய், மண்தான் மதகு. அந்த மண்ணைக் கோடை வெயிலிலே உழுது, அனல் காற்றிலே காயப்போட்டனர். அடுத்த கோதுமையின் விளைச்சல் எருவில்லாமலே ஏறிற்று. மழை நீர் ஒரு மூலையிலே தேங்கி மற்றொரு மூலையை அரித்துக்கொண்டு ஓடாதபடி, நிலத்தைச் சமன்படுத்தி, மெல்லிய வடிகால் வகுத்தனர். ஓட்டுச் சில்லுகளை மண்ணிலே கலந்து பார்த்தபோதும் பயிர் செழித்தது. சில்லிலே சத்து ஏது? மண்ணுக்குள்ளே காற்றுப் போக வழி பிறந்தது; அவ்வளவே. மண்ணும் மூச்சு விடுகிறது, அதன் மூக்கைப் பொத்திவிட்டு வாயிலே எதைத் திணித்தாலும் பயனில்லை என்பது அவர்கள் கண்ட பாடம்.

இதைப் படித்தபோது நமக்கு வள்ளுவர் நினைவு வராமலிருக்குமா? ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் நிற்கும் என்று உழவு அதிகாரத்திலே அவர் கூறிவைத்தது, பூசாவிலே தராசு கொண்டு நிறுக்கப்பட்டது. எங்கள் வீட்டிலே எல்லாம் இருந்தது என்று பழம்பெருமை பேசித் தூங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் உழவன் கையிலே இருந்ததை நாம் சோதித்துப் பார்க்கவில்லை. அயலார் வந்து சோதித்தார். பெருமையும் நமக்கே, நாணமும் நமக்கே.

கோடையிலே அவர்கள் இருந்த இடம் குவெட்டா. இன்று பாகிஸ்தானத்திலே உள்ள பலுசிஸ்தானத்தின் தலைநகர். மலை சூழ்ந்த வறண்ட பூமி. குளிர்காலத்திலே சிறிது மழை, சிறிது பனி. மற்றபடி வானம் கைவிரித்துவிடும். மலையடியிலிருந்து நிலத்துக்கடியிலே சுரங்கம் தோண்டி நீரைக் கொண்டுவருவார்கள். கரேஸ் என்பது அதன் பெயர். அந்த அரிய நீரை அங்குள்ளோர் கோதுமைக்குப் பலமுறை பாய்ச்சினார்கள். நீர் பாய்ந்ததும் மேல்மண் இறுகி ஓடு கட்டும். ஓடு கட்டினால் காற்று உள்ளே போகாது. ஈரம் வெடிப்புகள் வழியே ஆவியாகும். மீண்டும் வாடும், மீண்டும் பாய்ச்சுவார்கள். ஹோவர்ட் இணையர் செய்தது எளிது. விதைக்குமுன் ஒருமுறை நன்றாகப் பாய்ச்சினார்கள். உழுது, விதைத்து, அதன்பின் மழை பெய்து மேல்மண் ஓடு கட்டும்போதெல்லாம் இளம்பயிருக்கு ஊடாகவே பலுகு ஓட்டி அந்த ஓட்டை உடைத்தார்கள். அந்த ஒரே பாய்ச்சலிலே நல்ல விளைச்சல் கிடைத்தது. மிச்சப்பட்ட நீரைக்கொண்டு மேலும் எத்தனையோ ஏக்கரிலே பயிரிடலாம் என்று எழுதி அச்சிட்டு வெளியிட்டார்கள்.

நம் புன்செய் உழவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். ஊடுழவு அவருக்குப் புதிதா? சோளத்திலும் கேழ்வரகிலும் மேல்மண்ணைக் கிளறி ஈரத்தைப் பூட்டி வைப்பது அவர் பாட்டன் செய்தது. செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்திலே புழுதியிலே நெல் விதைத்து மழைக்குக் காத்திருப்பவர்களிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால், இதிலே இவ்வளவு ஈரம், இவ்வளவு விளைச்சல் என்று அளந்து சொன்னால்தான் ஊரார் கேட்பார்கள், துரைத்தனமும் கேட்கும்.

இனி, எருவின் கதை. பூசாவிலே அவருக்கு மனக்கசப்பு வளர்ந்தது. தாவரத்துக்கு ஒரு துறை, பூஞ்சணத்துக்கு ஒரு துறை, பூச்சிக்கு ஒரு துறை, இரசாயனத்துக்கு ஒரு துறை. ஒரு செடியின் வேர் ஒரு துறைக்கும் இலை மற்றொரு துறைக்கும் சொந்தம். எல்லை தாண்டினால் முணுமுணுப்பு. செடி மட்டும் தன்னைத் துறை துறையாகப் பிரித்துக்கொள்ள மறுத்தது! 1924இல் பூசாவை விட்டார். மத்திய இந்தியச் சமஸ்தானங்களும் பருத்திக் குழுவும் பொருள் தர, இந்தூரிலே 300 ஏக்கரிலே தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1931 வரை அங்கே.

அங்கே பிறந்ததுதான் இந்தூர் முறை. சீன நாட்டு உழவர் நாற்பது நூற்றாண்டாக மண் கெடாமல் பயிரிட்டு வருவதைக் கிங் என்ற அமெரிக்கர் எழுதிய நூல் அவரைக் கவர்ந்தது. வயலிலே கிடைக்கும் தட்டை, சருகு, களை, பருத்தி மார் ஆகியவற்றைக் குழியிலே அடுக்க வேண்டும். அதன்மேல் சாணம், மாட்டுக் கொட்டகையின் கோமியம் ஊறிய மண், அடுப்புச் சாம்பல். நீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும். குழியின் ஆழம் இரண்டு மூன்று அடிக்கு மேற்படலாகாது. ஆழமானால் காற்றுப் போகாது, அழுகி நாறும். இரண்டு மூன்று வாரத்திலே ஒருமுறை, ஐந்தாம் வாரத்திலே ஒருமுறை, இரண்டாம் மாதத்திலே ஒருமுறை என மூன்றுமுறை புரட்டிவிட வேண்டும். 3 மாதத்திலே நல்ல மக்கு எரு. யாரும் காப்புரிமை கேட்கவில்லை. எந்த உழவனும் காசில்லாமல் செய்துகொள்ளலாம். யஷ்வந்த் வாட் என்ற இந்திய இரசாயன அறிஞரும் அவரும் சேர்ந்து 1931இல் இதை நூலாக்கினார்கள்.

புன்செய்க்கு இதன் அருமை என்ன? மக்கு, மண்ணிலே பஞ்சு போல இருந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மண்ணைப் பொலபொலப்பாக்கி, பெய்த மழையை உள்ளே இறங்க விடுகிறது. சத்து மட்டுமல்ல, தண்ணீர்ச் சேமிப்பும் அதுதான். பாய்ச்சல் உள்ள நிலத்துக்கு மக்கு ஒரு நன்மை. பாய்ச்சல் இல்லாத நிலத்துக்கு அதுவே வாழ்வு.

1930இல் கேப்ரியல் அம்மையார் மறைந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் இந்தியாவை விட்டார். கேப்ரியலின் தங்கை லூயிசை மணந்தார். 1934இல் சர் பட்டம் வந்தது. 1937-38 குளிர்காலத்திலே இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அவர் முறைப்படி குழி வெட்டி மக்கு புரட்டிய கைகளிலே நம் தமிழ்த் தொழிலாளரின் கைகளும் இருந்தன. 1940இல் வேளாண்மையின் மரண சாசனம் போன்ற தலைப்பிலே பெருநூல் எழுதினார். செயற்கை உரத்தை முழுமூச்சாக எதிர்த்தார்.

இங்கே நாம் ஒன்று சொல்லியாக வேண்டும். பெரியவர் சொன்னார் என்பதற்காகப் பேசாமல் தலையாட்டும் பழக்கம் நமக்கில்லை. தம் ஆறு ஜோடி எருதுகள் நோயுற்ற மாடுகளோடு மூக்கு உரசியும் நோய் அண்டவில்லை, காரணம் நல்ல மண்ணிலே விளைந்த தீவனம் என்று அவர் வாதிட்டார். ஆறு ஜோடி எருதை வைத்துக்கொண்டு உலகத்து நோய்க்கெல்லாம் தீர்ப்பு எழுதலாமா? தடுப்பூசியைத் தள்ளிவிடலாமா? கூடாது. வயலிலே அளந்து பார்த்தவர், வயது ஏற ஏற அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார் என்பதே நம் கருத்து. செயற்கை உரத்தை அடியோடு தள்ள வேண்டும் என்பதும் அத்தகையதே. ஏன் என்று அடுத்து வந்த வரலாறு சொல்லும்.

1947 அக்டோபர் 20ஆம் நாள் அவர் மறைந்தார். இந்தியா விடுதலை பெற்று இரண்டு மாதமே ஆகியிருந்தது. அடுத்த இருபது ஆண்டிலே மக்கள் தொகை பெருகிற்று. பஞ்சம் வாசலுக்கு வந்தது. அப்போது மத்திய உணவு அமைச்சர், பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம். மாற்று முகாமினர்தாம், ஆனால், செய்ததைச் செய்தார் என்று கூறிட நமக்குத் தயக்கமில்லை. 1966இல் 18,000 டன் மெக்சிகோ குட்டைக் கோதுமை விதையை வரவழைத்தார். அந்தக் கோதுமை நிறைய உரம் தின்றும் சாயாமல் நின்றது. நாட்டுக் கோதுமை அவ்வளவு உரம் தந்தால் சாய்ந்துவிடும். அந்த அரிசி கோதுமைப் பசிக்கு உரம் வேண்டுமே! அதே 1966இல்தான் மணலி உரத் தொழிற்சாலைக்கான நிறுவனம் பதிவாயிற்று. 1971இல் உற்பத்தி தொடங்கிற்று. பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாவிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. 2019இலிருந்து நாப்தாவுக்குப் பதில் எரிவாயு. அந்த உரம் இல்லாமல் நாடு பசி தீர்ந்திருக்காது. ஹோவர்ட் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்; நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால், யாருடைய நிலத்திலே விளைச்சல் ஏறிற்று என்றும் கேட்க வேண்டும். இந்தியாவின் கோதுமை நிலத்திலே பெரும்பகுதி இன்று பாய்ச்சல் பெற்ற நிலம். நாட்டின் பயிர் நிலத்திலே ஏறத்தாழப் பாதி இன்னமும் வானத்தைப் பார்த்தே கிடக்கிறது. யூரியாவிலே 46 விழுக்காடு தழைச்சத்து உண்டு; ஆனால், ஈரமில்லாத மண்ணிலே அது கரைவதும் இல்லை, பயிருக்குக் கிட்டுவதும் இல்லை. மேலே தூவியது ஆவியாகிக் காற்றோடு போகிறது. ஈரம் பிடிக்க மக்கு வேண்டும். மக்கு இருந்தால்தான் மூட்டைக்குக் கொடுத்த காசும் பயன்படும். ஆகவே, புன்செய் உழவனுக்கு யூரியாவும் மக்கும் எதிரிகளல்ல. ஒன்று இல்லாமல் மற்றொன்று பாதி வீண். கடன்பட்டு மூட்டை வாங்கி, மழை பொய்த்த காட்டிலே தூவிவிட்டு நிற்பவனிடம் இதை யார் சொன்னார்கள்?

சொல்லுவது இருக்கட்டும், மக்கு எங்கே? மாடு குறைந்தது, தொழுவம் குறைந்தது, எரு ஏது என்கிறார்கள். மணலியிலிருந்து கூப்பிடு தூரத்திலே இருக்கிறது கொடுங்கையூர்! 300 ஏக்கருக்கு மேற்பட்ட குப்பைமேடு. பல ஆண்டுகளாகப் பட்டணத்தின் காய்கறித் தோலும், சோற்றுப் பருக்கையும், வாழை இலையும் அங்கே பிளாஸ்டிக்கோடும் கண்ணாடியோடும் கலந்து கொட்டப்பட்டன. உழவன் மண்ணிலிருந்து எடுத்து அனுப்பிய சத்து, அவன் மண்ணுக்குத் திரும்பாமல் அங்கே புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நம் மக்கள். பட்டணத்துக் கழிவையும் எருவாக்கலாம் என்று பெங்களூரிலே ஆச்சார்யா என்ற அறிஞர் ஹோவர்ட் காலத்திலேயே வழி கண்டார். நகரத்தார்தான் காணவில்லை.

ஒரு வியப்பு பாருங்கள். அதே கொடுங்கையூரிலே பட்டணத்தின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, குழாய் வழியாக மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். 2019 முதல் நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் அங்கே உண்டு. கழிவு நீர் தொழிற்சாலைக்கு உணவாகிறது. தேவைப்பட்டவர் வலியவராக இருந்ததால் குழாய் பதிந்தது. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து உழவனுக்கும் கழிவு தேவை. அவனுக்கு மட்டும் வண்டி வரவில்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. ஈரக் குப்பையை வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கோடு கலந்ததை எரு என்று உழவன் தலையிலே கட்டாதீர்கள். பேட்டைதோறும் மக்கவைத்து, ஈயமும் மற்ற நஞ்சும் இருக்கின்றனவா என்று சோதித்து, சோதனைச் சீட்டை மூட்டையிலே ஒட்டுங்கள். யூரியா விற்கும் கூட்டுறவுக் கடையிலேயே அந்த மூட்டையையும் வைத்து, இரண்டையும் எவ்வளவு, எப்போது போடுவது என்று சொல்லி அனுப்புங்கள். குப்பை வாங்கும் மகளிருக்குக் கையுறையும், முழுக் கூலியும், நிலையான வேலையும் தாருங்கள். மூன்றுமுறை புரட்டும் வேலையைச் செய்யப்போவது அவர்கள்தாம்.